கட்டத்தாளும் கணிப்பொறியும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம் என்னும் ஊர் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் அரசினர் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்துவந்து இங்குக் குடியேற்றினர் என்பது வரலாறு. இவ்வூர்க் குழித்தறிகளில் நெய்யப்படும் மெல்லிய பருத்தித் துணி இன்றும் புகழ் பெற்றது. தறியில் பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டில் ஒன்றே நிகழக்கூடும்: பாவு மேலே இருக்கும், அல்லது ஊடை மேலே இருக்கும். மூன்றாவது நிலை என ஒன்று இல்லை. ஆயிரக்கணக்கான இத்தகைய சந்திப்புகளில் எது மேலே, எது கீழே என்று தீர்மானிக்கும் விதியே துணியின் கோலத்தை உண்டாக்குகிறது.

இதே மாவட்டத்தில், நகரின் பூஜப்புரைப் பகுதியில், கேரளப் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்வியை நடத்திவரும் 'கைட்' நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டமாகத் தொடங்கிய இம்முயற்சி 2017-இல் தனி நிறுவனமாயிற்று. அதன் பின்னர் 45,000 வகுப்பறைகளுக்கு மின்னணுச் சாதனங்கள் வழங்கப்பட்டன. 2018-இல் தொடங்கப்பட்ட 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் 2,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் அமைந்தன. இவை எந்த மாநிலமும் பெருமைப்படத் தக்க செயல்கள் என்பதில் ஐயமில்லை.

தறியின் கணக்கும் கணிப்பொறியின் கணக்கும் அடிப்படையில் ஒன்றே. ஆயினும் அவ்வொற்றுமையைப் பள்ளி மாணாக்கர் அறியும் வாய்ப்பு அரிதாகவே உள்ளது. கணிப்பொறியில் கோலம் வரையக் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் தாளையும் எழுதுகோலையும் கொண்டு விதியைக் கற்பித்தல் வேண்டும்; அதன் பின்னரே யந்திரத்தைத் திறத்தல் வேண்டும். இக்கொள்கையின் அவசியத்தைக் கீழ்வரும் விவரங்கள் காட்டும்.

நேரும் நிரையும் போல

கணிப்பொறியின் உள்ளே எண்கள் யாவும் 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் எழுதப்படுகின்றன. இவ்விலக்கம் ஒவ்வொன்றும் 'பிட்' எனப்படும். மூன்று பிட்டுகளைக் கொண்டு 000 முதல் 111 வரை எட்டு எண்களை எழுதலாம். அவை 0 முதல் 7 வரையுள்ள எண்களாகும். இரும எண்முறை என்னும் இதனைத் தமிழாசிரியர் எவரும் புதிதாகக் கருத வேண்டியதில்லை. யாப்பிலக்கணத்தில் நேர், நிரை என்னும் இரண்டு அசைகளைக் கொண்டு மூவசைச் சீர்கள் எத்தனை அமைக்கலாம் என்று கேட்டால், காய்ச்சீர் நான்கும் கனிச்சீர் நான்கும் ஆக எட்டு என்பதே விடை. நேர் என்பதை 0 எனவும், நிரை என்பதை 1 எனவும் கொண்டால், நேர் நேர் நேர் ஆகிய தேமாங்காய் 000 ஆகும். நிரை நிரை நிரை ஆகிய கருவிளங்கனி 111 ஆகும். வடமொழி யாப்பு நூலாசிரியரான பிங்கலரும் குறில், நெடில் அசைகளின் எல்லா வரிசைகளையும் ஒன்று விடாது அடுக்கும் முறையை வகுத்துள்ளார். ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் இரும எண்முறையை விளக்கி 1703-இல் எழுதினார்.

இவ்வெண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு இரண்டு எளிய விதிகள் போதும். இரண்டு எண்களிலும் ஒரே இடத்தில் 1 இருந்தால் மட்டும் 1 எழுதுவது முதல் விதி. இதனைப் பொதுமை விதி எனலாம். கணிப்பொறி நூல்களில் இதன் பெயர் 'அண்ட்'. ஒரே இடத்திலுள்ள இரு இலக்கங்களும் வேறுபட்டால் 1 எழுதுவது இரண்டாம் விதி. இதனை வேற்றுமை விதி எனலாம். இதன் பெயர் 'எக்ஸார்'. கூட்டலில் உள்ளது போல ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்திற்கு எதையும் கொண்டு செல்ல வேண்டியதில்லை. ஆகவே ஆறாம் வகுப்பு மாணாக்கரும் இவற்றைத் தவறின்றிச் செய்யலாம்.

கையால் வரையும் முதற்பாடம்

கட்டத்தாளில் எட்டு வரிசையும் எட்டு நிரலும் கொண்ட சதுரம் ஒன்றை வரைக. மேலிருந்து கீழாக வரிசைகளுக்கும், இடமிருந்து வலமாக நிரல்களுக்கும் 0 முதல் 7 வரை எண்ணிட்டு, அவற்றை மூன்று பிட்டுகளில் எழுதுக. ஒவ்வொரு கட்டத்திலும் வரிசை எண்ணையும் நிரல் எண்ணையும் பொதுமை விதியால் ஒப்பிடுக. விடை முழுவதும் 000 ஆயின் கட்டத்தைக் கறுப்பாக்குக. இல்லையேல் வெறுமையாக விடுக.

ஐந்தாம் வரிசை 101, இரண்டாம் நிரல் 010. இரண்டிலும் ஒரே இடத்தில் 1 இல்லை; ஆகவே கட்டம் கறுப்பு. அதே ஐந்தாம் வரிசையில் ஆறாம் நிரல் 110. இங்கு முதல் இடத்தில் இரண்டிலும் 1 உள்ளது. ஆகவே கட்டம் வெறுமை. இவ்வாறு 64 கட்டங்களையும் முடித்தால், சதுரத்தின் இடது மேல் மூலையில் செங்கோணம் கொண்ட ஒரு முக்கோணம் தோன்றும். அதனுள் வெற்று முக்கோணங்கள் பெரிதும் சிறிதுமாக அமைந்திருக்கும். முழு உருவம் எப்படியோ, அதன் மூன்று கால்பகுதிகளும் அப்படியே சிறிய அளவில் இருக்கும். நான்காம் கால்பகுதி முற்றிலும் வெறுமையாக இருக்கும். போலந்து நாட்டுக் கணித அறிஞர் சியர்பின்ஸ்கி 1915-இல் விவரித்த உருவத்தின் கட்டத்தாள் வடிவம் இது.

கறுப்புக் கட்டங்களை எண்ணினால் 27 இருக்கும். 26 அல்லது 28 இருப்பின், வரைந்தவர் எங்கோ தவறியுள்ளார். இதன் காரணத்தை ஆசிரியர் கூறிவிடாது மாணாக்கரிடமே கேட்க வேண்டும். ஓரிடத்தில் வரிசையின் பிட்டும் நிரலின் பிட்டும் சேரக்கூடிய முறைகள் நான்கு. அவற்றுள் இரண்டும் 1 ஆக இருப்பது ஒன்றே விலக்கப்பட்டது, எஞ்சியவை மூன்று. மூன்று இடங்களுக்கு மும்மூன்று முறைகள் எனின், 3 × 3 × 3 ஆக 27 வருகிறது. இக்காரணத்தை உணர்ந்த மாணாக்கன் பதினாறு கட்டச் சதுரத்தில் 81 கறுப்புக் கட்டங்கள் வரும் என்பதை வரையாமலேயே கூறுவான்.

பாஸ்கல் முக்கோணம் என்று இன்று வழங்குவதும், இந்நாட்டு யாப்பு நூலார் மேருப் பிரஸ்தாரம் என்று குறித்ததுமான எண் முக்கோணத்தை முதல் எட்டு வரிசைகள் வரை எழுதி, ஒற்றைப்படை எண்களை மட்டும் கறுப்பாக்கினால் அதே உருவம் வரும். அங்கும் கறுப்புப் புள்ளிகள் 27. யாப்பு, எண்கணிதம், ஓவியம் ஆகிய மூன்றும் ஒரே தாளில் சந்திப்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தறியில் காணும் இரண்டாம் பாடம்

பொதுமை விதிக்குப் பதிலாக வேற்றுமை விதியைக் கொள்க. வரிசை எண்ணையும் நிரல் எண்ணையும் ஒப்பிட்டு வரும் விடையின் கடைசி பிட் 1 ஆயின் கட்டத்தைக் கறுப்பாக்குக. சதுரங்கப் பலகையின் உருவம் வரும். பாலராமபுரத்து நெசவாளர் அதனைப் பார்த்தவுடன் சாதா நெசவு என்று கூறுவார். கறுப்பு பாவு மேலே என்பதையும், வெறுமை ஊடை மேலே என்பதையும் குறிக்கும். கடைசி பிட்டை விட்டு அதற்கு முந்திய பிட்டைக் கொண்டால், இரண்டிரண்டு இழைகளைச் சேர்த்து நெய்யும் பாய்ப் பின்னல் போன்ற நெசவு வரும்.

இனி ஒரே ஒரு மாற்றம் செய்க. வேற்றுமை விதியைக் கைவிட்டு, வரிசை எண்ணையும் நிரல் எண்ணையும் சாதாரணமாகக் கூட்டி, கூட்டுத்தொகையின் கடைசிக்கு முந்திய பிட்டைப் பார்க்க. முதல் வரிசை, முதல் நிரல் ஆகியவற்றின் கூட்டுத்தொகை 2, அதாவது 010. ஆகவே கட்டம் கறுப்பு. வேற்றுமை விதியிலோ அதே கட்டத்திற்கு 000 வந்தது. சதுரம் முழுவதையும் முடித்தால், கறுப்புக் கட்டங்கள் வரிசைக்கு வரிசை ஒரு கட்டம் நகர்ந்து சாய்ந்த கோடுகளாக ஓடும். இதுவே சாய்வரி நெசவு. கனத்த கால்சட்டைத் துணிகளில் காணப்படும் 'ட்வில்' இவ்வகையைச் சேர்ந்தது. சாதா நெசவுக்கு இரண்டு விழுதுகள் போதும் என்பதையும், இவ்வகைச் சாய்வரிக்கு நான்கு விழுதுகள் வேண்டும் என்பதையும் தறியருகே நின்று கேட்டறியும் மாணாக்கன், கூட்டலில் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்திற்குச் செல்லும் எண்ணே அச்சாய்வை உண்டாக்கியது என்பதைக் கண்ணாரக் காண்பான்.

நெசவுக்கும் கணிப்பொறிக்கும் உள்ள உறவு உவமையளவில் நிற்பதன்று. பிரான்சு நாட்டில் ஜக்கார்டு 1804-இல் அமைத்த தறியில் அட்டைகளில் இடப்பட்ட துளைகளே எந்தப் பாவு உயர வேண்டும் என்பதைத் தீர்மானித்தன. துளை உண்டு, துளை இல்லை என்னும் இரு நிலைகளால் பட்டில் எவ்வுருவத்தையும் நெய்ய முடிந்தது. ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றே ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு நெய்யப்பட்டது. கணிக்கும் யந்திரத்தைக் கனவு கண்ட இங்கிலாந்து அறிஞர் பாபேஜ் அப்படத்தில் ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்திருந்தார். தம் யந்திரத்திற்கும் துளையிட்ட அட்டைகளையே திட்டமிட்டார்.

கோலமும் ஆராய்ச்சியும்

திருவனந்தபுரத்தின் கோட்டைப் பகுதியிலும் கரமனையிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களின் வாயில்களில் புள்ளிக் கோலம் இடுவதைக் காணலாம். ஓணத்தின்போது நகரெங்கும் பூக்களம் அமைக்கப்படுகிறது. இவையும் விதிகளால் பிறக்கும் சித்திரங்களே. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும், கமலா கிருத்திவாசனும் கோலங்களைக் கணிப்பொறி விஞ்ஞானத்தின் இலக்கண விதிகளால் விவரிக்கலாம் என்பதை 1974-இல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் காட்டினர். சொற்களை இணைத்து வாக்கியம் அமைக்க இலக்கணம் இருப்பதுபோல, சிறு உருவங்களை இணைத்துப் பெரிய கோலம் அமைக்கவும் இலக்கணம் உண்டு என்பது அவர்கள் கருத்து. உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட இவ்வாராய்ச்சிக்குப் பொருள் தந்தது தமிழ்நாட்டு வீட்டு வாசல் என்பதை ஆசிரியர்கள் மாணாக்கர்க்கு எடுத்துக்கூறுதல் தகும்.

மேனாட்டில் இக்கலை ஆராய்ச்சிக் கூடங்களில் தோன்றியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலிருந்த பி.டி.பி.-1 என்னும் கணிப்பொறியின் திரையில், 1962-ஆம் ஆண்டையொட்டி, வேற்றுமை விதி ஒன்றையே கொண்டு இடைவிடாது மாறும் சதுரங்களை வரைந்தனர். 1965-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கேயோர்க் நீஸ் என்பவர் கணிப்பொறியால் வரைந்த சித்திரங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, இது கலையாகுமா என்ற விவாதம் எழுந்தது. அவ்விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஏன் இது அவசரமானது

இவையெல்லாம் நன்று, ஆயினும் யந்திரம் நொடியில் செய்வதைக் கையால் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்போர் உண்டு. இக்கேள்விக்கு இக்காலத்தில் புதிய கனம் ஏற்பட்டுள்ளது. 2022 முதல், வேண்டியதைச் சொல்லால் தெரிவித்தாலே படம் வரைந்து தரும் யந்திரங்கள் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. கேரளத்தில் 2024-இல் ஏழாம் வகுப்புப் பாடநூலிலேயே செயற்கை நுண்ணறிவு இடம் பெற்றது. காலத்திற்கேற்ற இச்செயலைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் சொல்லால் பெற்ற படம் ஏன் அவ்வாறு வந்தது என்று மாணாக்கனைக் கேட்டால் அவனால் விடை கூற இயலாது. பல வேளைகளில் ஆசிரியராலும் இயலாது. விடை சரியா, தவறா என்று சோதிக்க அவர்களிடம் அளவுகோலும் இல்லை.

கட்டத்தாளில் வரைந்த மாணாக்கன் அத்தகையவன் அல்லன். ஆயிரத்து இருபத்து நான்கு வரிசையும் அத்தனையே நிரலும் கொண்ட திரையில் பொதுமை விதியை நடத்தினால், 10,48,576 புள்ளிகளில் 59,049 புள்ளிகள் கறுப்பாகும் என்பதை அவன் விசையை அழுத்துமுன் எழுதி வைக்கலாம். பத்து பிட்டுகளுக்குப் பத்து மூன்றுகளைப் பெருக்கினால் போதும். பின்னர்க் கணிப்பொறியையே எண்ணச் செய்து ஒப்பிடலாம். இரண்டும் ஒத்திருந்தால் அது ஆசிரியர் சொன்னதாலோ, பாடநூல் சொன்னதாலோ மெய்யாகவில்லை, அவனே மெய்ப்பித்தான். ஒவ்வாதிருந்தால், அவன் எழுதிய கட்டளையில் பிழை எங்கே என்று அவனே தேடுவான். விஞ்ஞான மனப்பான்மை என்று பலவாறாகப் பேசப்படுவது இச்சிறு செயலில் அடங்கியிருக்கிறது. விதியை நகலெடுத்து, படம் வந்ததைக் கண்டு மகிழ்ந்து, அடுத்த பாடத்திற்குச் செல்லும் மாணாக்கனுக்கு இவ்வனுபவம் கிட்டுவதில்லை. பெரும் பொருட்செலவில் வகுப்பறைகளுக்கு வந்த யந்திரங்கள் வேடிக்கை பார்ப்போரை மட்டும் உருவாக்குமாயின், அது அப்பொருளை வீணாக்குவதற்கு ஒப்பாகும்.

மறுப்புகளும் விடைகளும்

பாடத்திட்டத்தில் இதற்கு நேரமில்லை என்பது முதல் மறுப்பு. இது நியாயமானதே, ஆயினும் மேற்கூறிய இரண்டு பாடங்களுக்கும் நான்கு பாடவேளைகளுக்கு மேல் தேவைப்படாது. அவற்றைக் கணித வகுப்பு, மொழி வகுப்பு, ஓவிய வகுப்பு, கணிப்பொறி வகுப்பு ஆகியவற்றிற்குப் பகிர்ந்தளித்தால் எவருக்கும் சுமையாகாது.

இது ஓவியத்தின் உயிரைப் போக்கிவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. ஓவிய ஆசிரியர்களின் இவ்வச்சத்தைப் புறக்கணித்தல் கூடாது. விதி ஒன்றே கலையன்று என்பது மெய். எந்த விதியைக் கொள்வது, எந்த பிட்டுக்கு எந்த வண்ணம் தருவது, நூறு உருவங்களுள் எதனை வைத்துக்கொண்டு எதனை ஒதுக்குவது என்பவற்றை யந்திரம் தீர்மானிப்பதில்லை. பயின்ற கண்ணே தீர்மானிக்கிறது. அக்கண்ணைப் பயிற்றுவிப்பது ஓவிய ஆசிரியரின் வேலையாகவே இருக்கும். ஆதலின் இப்பாடத்தில் அவருக்கு இடம் குறைவதில்லை. கணித ஆசிரியரோடு ஒரே மேசையில் அமரும் இடம் கிடைக்கிறது.

கணிப்பொறி போதாத பள்ளிகள் என்ன செய்யும் என்பது மூன்றாவது மறுப்பு. முதற்பாடத்திற்குக் கட்டத்தாளும் கரிக்கோலும் போதும் என்பதால் இம்மறுப்பு நில்லாது. உண்மையில், யந்திரம் குறைந்த பள்ளிகளே இம்முறையில் முன்னே நிற்கக்கூடும்.

செய்யத்தக்கவை

பள்ளிதோறும் சென்று பயிற்சி அளிக்கும் ஊழியர்கள் தம் கைப்பையில் கட்டத்தாள் கட்டொன்றை எடுத்துச் செல்லலாம். பயிற்சியின் முதல் அரைமணி நேரத்தில் ஆசிரியர்களே 27 கட்டங்களையும் கறுப்பாக்கிப் பார்க்கட்டும். தாமே செய்து பிழைபட்டு, அப்பிழையைத் தாமே கண்டுபிடித்த ஆசிரியர், அதனை மாணாக்கர்க்கு எவ்வாறு கற்பிப்பது என்று பிறரைக் கேட்க மாட்டார்.

தறிகள் உள்ள ஊர்களில், நெசவாளரை ஒரு நாள் பள்ளிக்கு அழைக்கலாம். அல்லது மாணாக்கரைத் தறிக்கூடத்திற்கு அழைத்துச் செல்லலாம். நெசவாளரைக் காட்சிப் பொருளாக்காது, ஆசானாகவே கருதிப் பேச வைத்தல் வேண்டும். குழந்தைகள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்ட நெசவாளர் வீடுகளில், தம் தந்தையரின் தொழிலும் கணிப்பொறியின் தொழிலும் ஒரே கணக்கில் பிறந்தவை என்னும் அறிவு ஓரளவேனும் மதிப்பை மீட்டுத் தரும்.

தேர்வுகளிலும் செய்முறைச் சோதனைகளிலும், படம் வரைக என்று மட்டும் கேளாது, கட்டளையை நடத்துமுன் படம் எவ்வாறு அமையும் என்று கூறுக, ஏன் என்றும் கூறுக என ஒரு கேள்வி சேர்க்கப்பட வேண்டும். தேர்வில் கேட்கப்படாதது வகுப்பில் நிலைப்பதில்லை என்பது ஆசிரியர் யாவரும் அறிந்ததே.

திருவனந்தபுரம், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்வழி பயிலும் குழந்தைகளுக்கு இவ்விதிகளைத் தமிழிலேயே சொல்லித் தருதல் இன்றியமையாதது. நேரும் நிரையும் அறிந்த குழந்தைக்கு 0, 1 என்பவை அயலாக இரா. கேரளப் பள்ளிகளில் பயன்படும் மென்பொருள்கள் பெரும்பாலும் கட்டற்ற மென்பொருள்களாக இருப்பதால், அவற்றின் கட்டளைகளைத் திறந்து படிக்கவும், மாற்றவும், அவற்றிற்குத் தமிழில் விளக்கம் எழுதவும் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. 2001-இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளை தொடங்கப்பட்டதும் இதே திருவனந்தபுரத்தில்தான். திறந்து வைக்கப்பட்ட கட்டளையைப் படிக்கத் தெரிந்தவர் இருந்தால்தான் அத்திறப்புக்குப் பயன் உண்டு. அவ்வாறு படிக்கத் தெரிந்தவரை உருவாக்கும் பணி, எட்டு வரிசையும் எட்டு நிரலும் கொண்ட ஒரு தாளில் எந்தப் பள்ளியிலும் நாளையே தொடங்கலாம்.